மலையில்லாத ஊரில் ட்ரெயில் பைக் எதற்கு?

ஒரு தம்பி கேட்டிருந்தார்: "யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, பெருங்காடு இல்லை, ஆறு இல்லை. பாதி ஒழுங்கைக்குத் தாரும் கொங்கிறீற்றும் போட்டாச்சு. இந்த ஊரில் 200, 250 சிசி ட்ரெயில் பைக்கை வைத்துக்கொண்டு அப்படி என்ன சுகம் காண்கிறீர்கள்? பெரிய எஞ்சின் வண்டி எடுத்தால் இன்னும் நல்லதில்லையா? வீட்டுக்கு இந்த ஒரு வண்டி போதுமா?"

மூன்று கேள்வி. முதல் இரண்டுக்கும் ஒரே பதில்தான்: எடை. மூன்றாவதுக்குக் கடைசியில் வருகிறேன். ஆறு இல்லை என்றது மட்டும் பிழை, தம்பி. வழுக்கையாறு இருக்கிறது. மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழும். அதன் கரையோரமாக ஒரு தை மாதக் காலையில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுவோம். உயரமான மட்கார்ட், கட்டை ரயர் உள்ள எல்லாவற்றையும் நம் ஊரில் ட்ரெயில் பைக் என்றுதான் சொல்கிறோம். உண்மையில் அதற்குள் மூன்று சாதி உண்டு. மோட்டோகிராஸ் வண்டி மூடிய திடலில் ஓடுவது. லைற் இல்லை, இலக்கத்தகடு இல்லை, றோட்டில் ஏற்றினால் பொலிஸ் பிடிக்கும். எண்டியூரோ வண்டி காடு மேடெல்லாம் நாள்முழுக்க ஓடும் போட்டிக்குச் செய்தது. அந்தப் போட்டியின் தாய் என்று சொல்லத்தக்க ஆறு நாள் பந்தயம் 1913இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் தொடங்கியது, இன்றைக்கும் நடக்கிறது. 1981இல்தான் அதன் பெயரில் எண்டியூரோ என்ற சொல் ஏறியது. அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று: சோதனைச் சாவடிக்குப் பிந்திப் போனாலும் புள்ளி போகும், முந்திப் போனாலும் போகும். பாதை எப்படி இருந்தாலும் சொன்ன நேரத்துக்கு, வண்டி உடையாமல் போய்ச் சேரவேண்டும்.

மூன்றாவது சாதிதான் நமக்கு உரியது. போட்டி வண்டியின் உடம்பும் வீட்டு வண்டியின் எஞ்சினும் சேர்ந்தது. 1968இல் யமஹா டிடி-1 என்ற 250 சிசி வண்டியை விட்டபோது இந்த வகை சாதாரண ஆட்களின் கைக்கு வந்தது. 1985இல் அதே யமஹா 225 சிசியில் 'செரோ' என்று ஒன்றை விட்டது. ஜப்பான் மலைகளில் திரியும் ஒரு வகை ஆட்டின் பெயர் அது. இரண்டு சக்கரமும் இரண்டு காலும் சேர்ந்து போகும் வண்டி என்பதுதான் அதன் எண்ணமே. முடியாத இடத்தில் இரண்டு காலையும் ஊன்றி உந்திக்கொண்டு போகலாம். நம் ஊரில் இதோடு ஹொண்டா எக்ஸ்எல்ஆர், இரட்டைக் கண் உள்ள பாஜா, சுசுகி ஜெபல் எல்லாம் காணலாம். ஜப்பானில் ஓடித் தேய்ந்து கப்பலேறி வந்தவைதான் பெரும்பாலும்.

இப்போது எடைக்கு வருவோம். செரோ 225 ஏறக்குறைய 110 கிலோ. எல்லாரிடமும் இருக்கிற பல்சர் 150 அதைவிட 30, 40 கிலோ கூட. படங்களில் மலையேறுகிற பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோ. அந்தப் பெரிய வண்டி நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் மணற்காட்டு மணலில் அது ஒருமுறை சரிந்தால் தூக்க நான்கு பேர் வேண்டும். செரோவை நீங்கள் ஒருவரே தூக்குவீர்கள். ஹெட்லைற்றுக்குக் கீழே பிடித்து இழுக்கவென்றே ஒரு கம்பி வைத்திருக்கிறான் ஜப்பான்காரன்.

இது வெறும் தூக்குகிற கதை இல்லை. தூக்கலாம் என்று தெரிந்தால் எந்தப் பாதைக்கும் துணிந்து இறங்கலாம். ஒரு பனங்காணிக்குள்ளால் மாட்டுத்தடம் போகிறது, முடிவில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பாரமான வண்டியில் வந்தவர் கணக்குப் பார்ப்பார்: உள்ளே போனால் திருப்ப இடம் இருக்குமா, சேறு இருக்குமா, ஒருவரும் இல்லாவிட்டால் என்ன செய்வது. பார்த்துவிட்டுப் போய்விடுவார். 110 கிலோ வண்டிக்காரர் அப்படியே அந்தத் தடத்துக்குள் திருப்பி விடுவார். பாதை வேலியில் முட்டினால் இறங்கி, பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி அரக்கி, வந்த வழியே வரலாம். யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைகள் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முக்கால்வாசி எங்கேயோ ஒரு கிணற்றடியிலோ வைரவர் சூலத்தடியிலோ போய் நிற்கும். அந்த முட்டுச்சந்துகளைப் பார்ப்பதுதான் பாதிச் சுகம்.

மற்றப் பாதி வேகத்தில் இருக்கிறது, அதாவது வேகம் இல்லாததில். தார் றோட்டில் பெரிய வண்டியில் மனம் விழித்துக்கொள்ள 100க்கு மேல் போகவேண்டும். ஏ9இல் அப்படிப் போகிறவர்கள் என்ன ஆகிறார்கள் என்று வாராவாரம் பேப்பரில் பார்க்கிறோம். குடத்தனைப் பக்கத்து மணல் தடத்தில் இந்தச் சின்ன வண்டியில் 25, 30இல் போகும்போதே கண், கை, கால், இடுப்பு எல்லாவற்றுக்கும் வேலை. வேறு ஒரு யோசனையும் மண்டைக்குள் வராது. 20 குதிரைவலு போதுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அந்த மணலில் அதை முழுக்கத் திருகிப் பாருங்கள்.

மணல்தான் நமக்கு மலை. பருத்தித்துறையில் இருந்து வெளிக்கிட்டு வல்லிபுர ஆழ்வார் கோயிலைத் தாண்டினால் வெள்ளை மணல் தொடங்கிவிடும். மணற்காட்டில் மேடுமேடாக நிற்கும், சவுக்கந்தோப்பும் உண்டு. மணல் மூடிய பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் வெளியே தெரியும். அங்கிருந்து குடத்தனை, அம்பன், நாகர்கோவில், மருதங்கேணி, தாளையடி, கட்டைக்காடு என்று ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் ஏரியுமாகச் சுண்டிக்குளம் வரை போகலாம். நடுவில் நல்ல தார் றோட்டும் இருக்கிறது, களைத்தால் ஏறிக்கொள்ளலாம். அதுவும் ஒரு வசதி.

மணலில் ஓட்டுவதைக் கொஞ்சம் வடிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல்நாள் எல்லாருக்கும் பயம் வரும். முன்சில்லு தன்பாட்டுக்கு இடமும் வலமும் அலையும். தார் றோட்டுப் பழக்கத்தில் கைபிடியை இறுக்கிப் பிடித்து நேராக்கப் பார்ப்பீர்கள், அப்போதுதான் விழுவீர்கள். அதை அலைய விடவேண்டும். கால்மிதியில் எழுந்து நின்று, முழங்காலால் பெற்றோல் தாங்கியை அணைத்துப் பிடித்து, உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுபோனால் முன்சில்லு இலேசாகி மணலின் மேல் மிதக்கும். வள்ளத்தில் நின்றுகொண்டு போகிற மாதிரி, கீழே ஆடும், நீங்கள் ஆடமாட்டீர்கள். கண் முன்சில்லில் இருக்கக்கூடாது. இருபது முப்பது யார் தூரம் தள்ளிப் பார்க்கவேண்டும். வேகத்தைக் குறைக்கிறதென்றால் முன்பிரேக்கைத் தொடாமல் திருகலை (அக்சிலறேற்றரை) மட்டும் விட்டால் போதும், மணலே நிறுத்திவிடும்.

ரயரில் காற்றைக் குறைப்பது பாதி வேலை. றோட்டில் 22 முதல் 28 பிஎஸ்ஐ வரை வைத்திருப்பீர்கள். மணலுக்கு 12, 15க்கு இறக்குங்கள். ரயர் கொஞ்சம் நசிந்து அகலமாகிப் புதையாமல் போகும். அதற்கும் கீழே இறக்கினால் ரயர் றிம்மில் வழுக்கித் திரும்பி ரியூப் வால்வைப் பிடுங்கிவிடும். திரும்பி வரும்போது அடிக்க ஒரு சைக்கிள் பம்ப் போதும்.

இனி, புதைந்தால் என்ன செய்வது? இலேசான வண்டியின் அருமை தெரிகிற இடம் இதுதான். பின்சில்லு அச்சுவரை இறங்கிவிட்டால் திருகலை முறுக்காதீர்கள். முறுக்க முறுக்கக் கிணறு வெட்டும். எஞ்சினை நிறுத்துங்கள். பெற்றோல் ரப்பைப் பூட்டுங்கள். வண்டியை அப்படியே பக்கத்துக்குச் சரித்து மணலில் படுக்க வையுங்கள். பின்சில்லு இருந்த குழி இப்போது வெறுமையாகிவிடும். காலால் மணலைத் தள்ளி அதை நிரப்புங்கள். வண்டியைத் திருப்பி நிமிர்த்தினால் அது மேல் மணலில் நிற்கும். ரப்பைத் திறந்து, இரண்டாம் கியர் போட்டு, ஏறாமல் பக்கத்தில் நடந்துகொண்டே கிளச்சை ஆறுதலாக விட்டுத் தள்ளிக்கொண்டு வந்து, ஓட்டம் பிடித்ததும் ஏறுங்கள். ஐந்து நிமிட வேலை, ஒரு ஆள். 200 கிலோ வண்டியில் இதைச் செய்ய நினைக்கவும் வேண்டாம். கரைவலைக்காரர் வந்து இழுத்து விடுவார்கள்தான், ஆனால் நாள்முழுக்க உங்களைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

எழுந்து நின்று ஓட்டுவதில் இன்னொரு சந்தோசம், பார்வை உயர்ந்துவிடும். வெளியில் போகும்போது தரவையில் மேயும் மாடு, நீரில் நிற்கும் நாரை, தூரத்துப் பனைக்கூட்டம் எல்லாம் தெரியும். ஊர் ஒழுங்கைக்குள் மட்டும் இருந்தே ஓட்டுங்கள். வேலிக்கு மேலால் வளவுக்குள் எட்டிப் பார்க்கிறான் என்று பேச்சு வாங்குவீர்கள். சொல்கிறவர்கள் பிழையாகவும் சொல்லவில்லை.

இன்னொரு பக்கம் தென்மராட்சி. சாவகச்சேரியில் இருந்து தனங்கிளப்பால் கேரதீவுக்குப் போய், 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்டினால் பூநகரி. அங்கிருந்து மேற்கே கௌதாரிமுனைக்கும் மண்ணித்தலைக்கும் போகும் தடத்தைத்தான் நான் வெளியூர் நண்பர்கள் யாரும் வந்தால் காட்டுவது. மணல்மேடு, பற்றைக்காடு, இடிந்த பழைய சிவன் கோயில், கடலுக்கு அக்கரையில் யாழ்ப்பாணம். நிழல் இல்லை, கடை இல்லை. தண்ணீர் கொண்டுபோகவேண்டும்.

கடலேரிக் கரைகளில் ஒரு எச்சரிக்கை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் வற்றிய ஏரி வெள்ளை வெளேரென்று, கால்பந்து விளையாடலாம் போலக் கிடக்கும். மேலே உப்புப் பொருக்கு, கீழே கறுத்தச் சேறு. மாட்டுக் குளம்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று இறங்கிப் பாருங்கள். குளம்படி பதிந்து கறுப்பு வெளியே வந்திருந்தால் கரையோடு போவதுதான் புத்தி. மணலில் புதைந்தால் படுக்க வைத்து எடுக்கலாம். இந்தச் சேறு விடாது.

எந்த மாதம் நல்லது என்றால், தையும் மாசியும். மழை விட்டு மணலுக்குள் ஈரம் இருக்கும், அதனால் இறுகியிருக்கும். வாடைக்காற்றில் உடம்பும் எரியாது. ஆடி, ஆவணியில் மணல் மாவாகிவிடும். வல்லை வெளியில் சோளகம் வண்டியைப் பக்கத்துக்குத் தள்ளும். இலேசான வண்டியின் குறை அங்கேதான் தெரியும். அந்த மாதங்களில் விடியற்காலை வெளிக்கிட்டு ஒன்பது மணிக்குமுன் திரும்பிவிடவேண்டும். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் நிற்கும் தடத்துக்குள் இறங்காமல் வீட்டில் செயினைக் கழுவிக்கொண்டிருங்கள்.

போகக்கூடாத இடங்களைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்கமுடியாது. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்ற எத்தனை வருடம் எடுத்தது என்று உங்களுக்கே தெரியும். மண்டையோட்டுப் பலகை, சிவப்புக் கட்டை, நாடா எது கண்டாலும் திரும்புங்கள். பலகை இல்லாவிட்டாலும், ஆள், மாடு, உழவு இயந்திரம் போன தடம் இல்லாத பற்றைக்குள் புதுப்பாதை வெட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் அந்த ஊர் ஆளிடம் கேளுங்கள். எந்த வரைபடத்தையும் நம்பவேண்டாம்.

மணல்மேட்டில் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்திருக்கும் இடத்தில் சில்லை வைக்காதீர்கள். மேட்டைக் காற்று கொண்டுபோகாமல் பிடித்திருப்பவை அவைதான். மணலை அள்ளிக் கொண்டுபோகிறவர்கள் செய்கிற அழிவு காணாதென்று நாங்களும் சேரவேண்டுமா? கடற்கரையில் வலை விரித்திருந்தால் சுற்றிப் போங்கள். ஆமை முட்டையிடும் கரைகளில் அலைக்கு மேலே உள்ள காய்ந்த மணலில் ஓடவே வேண்டாம். சுண்டிக்குளம் 1938 தொடக்கம் பறவைகள் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்காவானது. அதற்குள் வண்டி விட்டு விளையாடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். மணற்காட்டுக் கோயிலடியில் சேமக்காலையும் இருக்கிறது, அந்தப் பக்கம் எஞ்சினை நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பாருங்கள்.

சைலன்சரையும் மாற்றாதீர்கள். இங்கே கனபேர் அதை வெட்டி, வெறும் குழாயாக்கி வைத்திருக்கிறார்கள். 20 குதிரை 20தான், சத்தம் போட்டால் 25 ஆகாது. அதைவிட, இந்த வகை வண்டிகளில் முகம் மூடிய படையினர் ஒழுங்கைக்குள் வந்த காலம் ஒன்று இங்கே இருந்தது. அந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் கதவைச் சாத்துகிற வயதானவர்கள் இருக்கிறார்கள். அமைதியான வண்டியில் போனால் அவர்களே படலையடிக்கு வந்து வழி சொல்வார்கள்.

பராமரிப்பு பெரிய சோலி இல்லை, ஆனால் தள்ளிப்போட முடியாது. இந்த ஊரில் வண்டியைத் தின்பவை மூன்று: செம்பாட்டுத் தூசி, மணல், உப்பு. ஸ்பொஞ் எயார்பில்ரரை ஒவ்வொரு மணல் ஓட்டத்துக்குப் பிறகும் கழற்றிக் கழுவி, காயவைத்து, எண்ணெய் பூசிப் போடவேண்டும். அதுக்குள்ளால் போகும் மணல் நேரே பிஸ்ரனைத்தான் உரசும். கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றைக்கே நன்னீரில் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் அதால் கழுவிப் பிரயோசனம் இல்லை, ஒரு போத்தல் நல்ல தண்ணீரால் கம்பிகளையும் செயினையும் கடைசியாக ஊற்றி விடுங்கள். சில்லுக் கம்பிகளை விரலால் தட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மொக்கைச் சத்தம் தந்தால் அது தளர்ந்துவிட்டது. உடைமுள்ளும் பனங்கருக்கும் ரயரைக் குத்தும், ஆகவே ரயர் கழற்றும் கம்பி இரண்டும் ஒரு 21 அங்குல முன்சில்லு ரியூப்பும் எப்போதும் கூடவே இருக்கட்டும். அந்த ரியூப்பை அவசரத்துக்கு 18 அங்குலப் பின்சில்லுக்குள்ளும் மடித்து வைத்து வீடு வந்து சேரலாம், மறுவளமாகச் செய்யமுடியாது.

காபரேற்றர் வண்டி என்றால் பயப்படவேண்டாம். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஊர் முழுக்க ஓடியவர்கள் நாங்கள். காபரேற்றரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வண்டிகள் பெற்றோலும் கனக்கக் குடிக்காது. 2022இல் கியூஆர் முறையில் கிழமைக்கு 4 லீற்றர் என்று தந்தபோது, லீற்றருக்கு 30க்கு மேல் ஓடும் செரோக்காரர்கள் நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தார்கள்.

வாங்கும்போது ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். 2020 தொடக்கம் 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய வண்டிகளின் விலை ஏறிக் கிடக்கிறது. ஏறின இடத்தில் கள்ளமும் ஏறும். சட்டகத்தில் வெட்டியிருக்கும் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். இலக்கம் வெட்டிய இடத்தில் புதுப் பெயின்ற் அடித்திருந்தால் எவ்வளவு நல்லாய் ஓடினாலும் விட்டுவிடுங்கள். உயரத்தையும் பாருங்கள். செரோவின் இருக்கை 81 சென்ரிமீற்றர் அளவு, பாஜா அதைவிட உயரம். மணலில் காலூன்றத் தெம்பு வேண்டும். கால் எட்டாத வண்டியை வாங்கிப் பிறகு இருக்கைப் பஞ்சை வெட்டி வெட்டிப் பலகையாக்கியவர்கள் இருக்கிறார்கள்.

சரி, மூன்றாவது கேள்வி. வேலைக்குப் போகலாம், சந்தைக்குப் போகலாம், மழையில் பள்ளம் தெரியாத றோட்டில் இதைவிட நல்ல வண்டி இல்லை. கொழும்புக்கு மட்டும் இதில் வெளிக்கிடாதீர்கள். 400 கிலோமீற்றர் அந்த ஒடுங்கின இருக்கையில் இருந்தால் பிறகு இரண்டு நாள் நின்றுகொண்டுதான் சாப்பிடுவீர்கள். பின்னால் ஆளை ஏற்றுவதும் சரிவராது. இருக்கை உயரம், பிடிக்க ஒன்றும் இல்லை, சேலையோடு அம்மாவால் ஏறவே முடியாது. வீட்டில் ஸ்கூட்டி நிற்குதென்றால் இதை வாங்குவதற்காக அதை விற்காதீர்கள். வெள்ளிக்கிழமை நல்லூருக்கு யார் கூட்டிக்கொண்டு போவது என்ற கேள்வி வந்தால் அதற்கு என்னிடம் பதில் இல்லை.